முதல் விண்மீன்களைத் தேட ஏன் குளிர்ந்த தொலைநோக்கி வேண்டும்?

டிவி ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். இருட்டறையில் செய்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான கைபேசிகளில், ரிமோட்டின் முனையில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மினுக்குவது திரையில் தெரியும். திரையை விட்டுவிட்டு ரிமோட்டையே நேராகப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. ரிமோட் வீசுவது ஏறத்தாழ 0.94 மைக்ரான் அலைநீள ஒளி. நம் கண்ணோ 0.7 மைக்ரான் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பின்பக்கக் கேமராவில் முயன்றால் புள்ளி தெரியாமல் போகலாம், அதில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும்.

சிவப்பு முடிகிற இடத்திலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அலைநீளம் வரை நீள்வதுதான் அகச்சிவப்பு. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் மற்றவற்றைவிட அதிகம் ஏறியது. அகச்சிவப்பு முதலில் வெப்பமாகத்தான் பிடிபட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்வெளித் தொலைநோக்கிகளைக் கட்டுகிறவர்களின் தலைவலி முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொடக்கத்தின் ஒளி ஏன் அகச்சிவப்பாக வருகிறது?

பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். ஒளிக்கு வேகம் உண்டு என்பதால், தொலைவிலிருந்து வரும் ஒளி பழைய ஒளி. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அடுத்த படியில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள்: அந்த ஒளி பழையது மட்டுமில்லை, வரும் வழியில் நீண்டும் போயிருக்கிறது. ஒளி பயணம் செய்யும் காலமெல்லாம் விண்வெளி தானே விரிந்துகொண்டிருப்பதால், அதன் அலைகளும் கூடவே இழுபடுகின்றன. வானியலில் இதற்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். செம்பெயர்ச்சி எண்ணோடு 1-ஐக் கூட்டினால், அலை எத்தனை மடங்கு நீண்டிருக்கிறது என்பது கிடைத்துவிடும். செம்பெயர்ச்சி 9 என்றால் 10 மடங்கு, 14.18 என்றால் 15.18 மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இளம் விண்மீன்கள் கொதிக்கும் வெப்பத்தில் புற ஊதாவைத்தான் அதிகம் வீசும். அவற்றின் நிறமாலையில் 0.1216 மைக்ரான் என்ற இடம் முக்கியமானது. இது ஹைட்ரஜன் அணுவுக்குரிய லைமன் ஆல்ஃபா அலைநீளம். ஆதிப் பேரண்டத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே மின்னூட்டமற்ற ஹைட்ரஜன் நிறைந்து கிடந்ததால், இதைவிடக் குறைந்த அலைநீள ஒளியை அது விழுங்கிவிட்டது. ஆகவே மிகத் தொலைவான கேலக்ஸியின் நிறமாலை, கத்தியால் வெட்டியதுபோல் அந்த இடத்தில் நின்றுவிடும். இப்போது 0.1216-ஐ 15.18-ஆல் பெருக்குங்கள்: 1.85 மைக்ரான். செம்பெயர்ச்சி 14.18 உள்ள கேலக்ஸியில் அதற்குக் கீழே பார்க்க எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்துப் பார்த்தாலும் அந்த இடம் வெறும் கறுப்புத்தான்.

ஹப்பிள் தொலைநோக்கி ஏறத்தாழ 1.7 மைக்ரான் வரைதான் பார்க்கும். அதன் கண்ணாடி அறை வெப்பநிலையை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. 1.7-ஐத் தாண்டினால் தன் சூடே தன் படத்தைக் கெடுக்கத் தொடங்கும். ஹப்பிளின் எல்லையில் பிடிபட்ட கேலக்ஸிகளுள் பெயர் பெற்றது ஜிஎன்-இசட்11. 2016-ல் அறிவிக்கப்பட்டபோது அதன் செம்பெயர்ச்சி 11.1 என்றார்கள். பின்னர் ஜேம்ஸ் வெப் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி அளந்து 10.6 என்று திருத்தியது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிடலாம். அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் பெருவெடிப்பைப் பார்ப்பதில்லை. பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்துத்தான் பேரண்டம் ஒளி ஊடுருவும்படி தெளிந்தது. அப்போதைய வெப்பம் ஏறக்குறைய 3000 கெல்வின். அந்த ஒளியின் உச்சம் 1 மைக்ரான் பக்கம். அது இன்று 1100 மடங்கு நீண்டு, 1 மில்லிமீட்டர் அளவில் நுண்ணலையாக வருகிறது. அதைப் பார்க்க பிளாங்க் போன்ற வேறு வகைக் கருவிகள் வேண்டும். அந்த ஒளிக்குப் பிறகு நெடுங்காலம் விண்மீன்களே இல்லாத இருள். அந்த இருள் முடிந்து முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கிய காலம்தான் அகச்சிவப்புக்கு உரிய பங்கு.

தொடக்கம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: விண்மீன்களும் கோள்களும் இன்று பிறக்கும் இடங்கள். அங்கே தடை தொலைவு இல்லை, தூசு. விண்வெளித் தூசுத் துகள்கள் பெரும்பாலும் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடித்து மறைத்துவிடுகின்றன. அலைநீளம் கூடக்கூட அவற்றின் தடை குறைகிறது. 6500 ஒளியாண்டு தொலைவில் கழுகு நெபுலாவுக்குள் நிற்கும் தூசுத் தூண்களை ஹப்பிள் படத்தில் பாருங்கள், அடர்ந்த பழுப்புச் சுவர்கள். அதையே 2022-ல் ஜேம்ஸ் வெப் அண்மை அகச்சிவப்பில் எடுத்தபோது, சுவர் மெலிந்து உள்ளேயும் பின்னாலும் விண்மீன்கள் கொட்டிக் கிடந்தன. நடு அகச்சிவப்பில் எடுத்த மூன்றாவது படத்தில் பெரும்பாலான விண்மீன்கள் மங்கிப்போய்த் தூசு தானே ஒளிர்கிறது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைப்போல அலைநீளத்தின் வேலையைக் கற்றுத்தரும் பாடம் வேறில்லை.

எதிரி வெப்பம்தான்

வெப்பமுள்ள எல்லாப் பொருளும் ஒளி வீசுகிறது. எந்த அலைநீளத்தில் அதிகமாக வீசும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: 2898-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் விடை மைக்ரானில் வரும். சூரியன் 5800 கெல்வின், ஆகவே 0.5 மைக்ரான், அதாவது நம் கண்ணுக்கு வாகான ஒளி. மனித உடல் 310 கெல்வின், 9.3 மைக்ரான். நாம் ஒவ்வொருவரும் இரவும் பகலும் அகச்சிவப்பில் எரிந்துகொண்டிருக்கும் விளக்குகள்.

தொலைநோக்கியும் அப்படித்தான். அறை வெப்பநிலையில் உள்ள கண்ணாடி 10 மைக்ரானில் தகதகவென்று ஒளிரும். அதை வைத்துக்கொண்டு 1350 கோடி ஆண்டு பயணித்து வந்த ஒரு துளி ஒளியைத் தேடுவது, நட்டநடுப் பகலில் விண்மீன் தேடுவதைப் போன்றது. தரையிலிருந்து பார்த்தால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. இடையிடையே சில சன்னல்கள் மட்டும் திறந்திருக்கும். அந்தச் சன்னல்களிலும் காற்றே ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

சரி, விண்வெளிக்குப் போய்க் கண்ணாடியைக் குளிர்வித்துவிட்டோம். போதுமா? ஒளியைப் பிடிக்கும் உணரியையும் குளிர்விக்க வேண்டும், அதிலும் ஒரு படிநிலை இருக்கிறது. உணரிக்குள் எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கின்றன. ஒளித்துகள் ஒன்று வந்து மோதினால் எலக்ட்ரான் விடுபடும்; அதை எண்ணித்தான் படம் உருவாகிறது. அலைநீளம் நீளநீள ஒளித்துகளின் ஆற்றல் குறைகிறது. 5 மைக்ரான் ஒளித்துகளிடம் 0.25 எலக்ட்ரான்வோல்ட்தான் உண்டு. 28 மைக்ரானில் அது 0.044 ஆகச் சுருங்கிவிடும். இவ்வளவு மெல்லிய தட்டலுக்கே விடுபட வேண்டுமானால் எலக்ட்ரானைத் தளர்வாகத்தான் கட்டிவைக்க வேண்டும். தளர்வாகக் கட்டினால் கொஞ்சம் வெப்பம் பட்டாலும் அது தானாக அவிழ்ந்துகொள்ளும். ஒளி விழாமலே உணரி எண்ணத் தொடங்கிவிடும். அதனால்தான் ஜேம்ஸ் வெப்பில் 5 மைக்ரான் வரை பார்க்கும் பாதரச-காட்மியம்-டெல்லூரைடு உணரிகளுக்கு 40 கெல்வினுக்குச் சற்றுக் குறைவான குளிர் போதும். 28 மைக்ரான் வரை பார்க்கும் மிரி கருவிக்கு 7 கெல்வினுக்கும் கீழே போக வேண்டியிருக்கிறது. மைனஸ் 266 டிகிரி செல்சியஸ்.

கைபேசிக் கேமராவிலுள்ள சிலிக்கான் 1.1 மைக்ரானோடு நின்றுவிடுவதும் இதே காரணத்தால்தான். அதற்கு மேற்பட்ட ஒளித்துகளுக்கு, சிலிக்கானின் எலக்ட்ரானை அசைக்கும் அளவுக்குத் தெம்பில்லை.

ஹீலியம் தீரும்வரைதான் ஆயுள்

முதன்முதலாக அகச்சிவப்பில் வானம் முழுவதையும் அலசிய ஐராஸ் தொலைநோக்கி, 1983 ஜனவரியில் ஏவப்பட்டது. அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து செய்தது. கண்ணாடி வெறும் 57 செ.மீ. மிகைக்குளிர் திரவ ஹீலியத்தில் அதை ஊறவைத்ததுபோல் வைத்திருந்தார்கள். ஹீலியம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். பானைத் தண்ணீர் குளிர்கிற அதே விதிதான். ஹீலியம் தீர்ந்த அன்று வேலையும் முடிந்தது: மொத்தம் 10 மாதம். அதற்குள் வானில் 96 சதவீதத்தை வருடி, வேகா விண்மீனைச் சுற்றித் தூசு வட்டு இருப்பதையும் காட்டிவிட்டது.

2003-ல் போன ஸ்பிட்சர் இதே முறையில் இன்னும் சிக்கனமாக இருந்தது. 85 செ.மீ. கண்ணாடி, பூமியின் வெப்பத்தை விட்டு விலகிச் சூரியனைச் சுற்றும் பாதை, நிழலில் தானாகக் குளிரும் அமைப்பு. இதனால் ஹீலியம் 2009 மே மாதம் வரை வந்தது. தீர்ந்த பிறகும் அது சாகவில்லை. 28 கெல்வின் அளவுக்குச் சூடேறினாலும் 3.6, 4.5 மைக்ரான் கேமராக்களுக்கு அந்தக் குளிரே போதும் என்பதால் 2020 ஜனவரி வரை உழைத்தது. டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்கள் தெரியவந்தது இந்தச் 'சூடான' காலத்தில்தான். ஐரோப்பாவின் ஹெர்ஷல் தொலைநோக்கி, 3.5 மீட்டர் கண்ணாடியோடும் 2300 லிட்டருக்கு மேற்பட்ட ஹீலியத்தோடும் 2009-ல் போனது. 2013 ஏப்ரலில் ஹீலியம் தீர்ந்தது.

அளவிலும் ஒரு சிக்கல் இருந்தது. படத்தின் கூர்மை, அலைநீளத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது. அலைநீளம் நான்கு மடங்கானால், அதே கூர்மைக்குக் கண்ணாடியும் நான்கு மடங்காக வேண்டும். 2.4 மீட்டர் ஹப்பிள் 0.5 மைக்ரானில் தரும் கூர்மைக்குப் பக்கத்தில் 2 மைக்ரானில் வரவேண்டுமென்றால் சிறு கண்ணாடி உதவாது. பெரிய கண்ணாடியை ஹீலியத் தொட்டிக்குள் வைக்கவும் முடியாது. வழி ஒன்றுதான்: கண்ணாடியை வெட்டவெளியில் விட்டு, நிழலைக் கொண்டே குளிர்விப்பது.

ஜேம்ஸ் வெப்பின் நிழல்

நல்ல நிழல் வேண்டுமானால் முதலில் இடம் சரியாக அமைய வேண்டும். பூமியைச் சுற்றினால் ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் பூமி. எந்தப் பக்கம் முதுகைக் காட்டுவது? பூமியிலிருந்து சூரியனுக்கு எதிர்த் திசையில் 15 லட்சம் கி.மீ. தள்ளி எல்2 என்ற புள்ளி இருக்கிறது. நிலவைவிட நான்கு மடங்கு தொலைவு. அங்கிருந்து பார்த்தால் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே பக்கம். ஒரே குடையால் மூன்றையும் மறைத்துவிடலாம்.

அந்தக் குடைதான் ஏறத்தாழ 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் கொண்ட சூரியக் கவசம். கேப்டன் என்ற பிளாஸ்டிக் படலத்தில் ஐந்து அடுக்கு. சூரியனைப் பார்த்த அடுக்கின் தடிமன் 0.05 மி.மீ., மற்றவை அதில் பாதி. எல்லாவற்றுக்கும் அலுமினியப் பூச்சு. சூரியன் பக்கத்து இரண்டு அடுக்குகளுக்குக் கூடுதலாகச் சிலிக்கான் பூச்சு. ஒரே தடித்த போர்வையாகச் செய்யாமல் ஏன் ஐந்து? அடுக்குகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் வெப்பம் தொட்டுக் கடத்தப்பட முடியாது, கதிராகத்தான் வீசியாக வேண்டும். விளிம்பை நோக்கி அடுக்குகள் விரிந்து நிற்பதால், அந்தக் கதிர் இரண்டு அடுக்குக்கிடையே எதிரொளித்து எதிரொளித்துப் பக்கவாட்டில் வெளியேறிவிடும். சூரியன் பக்கம் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும் சூடு. மறுபக்கம் 40 கெல்வின் அளவுக் குளிர். நடுவில் இருப்பது முடிபோல் மெல்லிய ஐந்து தாள்கள் மட்டும். இந்தக் கருவியிலேயே மிக அழகான பகுதி தங்கக் கண்ணாடி என்று பலர் சொல்வார்கள். உண்மையில் இந்தக் கவசம்தான்.

மிரிக்கு வேண்டிய 7 கெல்வினை நிழல் தராது. அதற்கு மட்டும் ஹீலிய வாயுவை மூடிய குழாயில் சுற்றவிடும் குளிர்விப்பான் உண்டு. வாயு வெளியேறுவதில்லை, ஆகவே தீர்ந்துபோகும் கவலையும் இல்லை.

கண்ணாடி 6.5 மீட்டர், ஆனால் ஏரியான் 5 ராக்கெட்டின் முகப்புக் கூட்டுக்குள் கிடைக்கும் அகலம் சுமார் 4.6 மீட்டர்தான். அதனால் 18 அறுகோணத் துண்டுகள். இரு ஓரங்களிலும் மும்மூன்று துண்டுகள் பின்னால் மடங்கும். துண்டுகள் பெரிலியத்தால் ஆனவை. எடை குறைவு, விறைப்பு அதிகம், கடுங்குளிரில் வடிவம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. அறை வெப்பநிலையிலிருந்து அந்தக் குளிருக்கு இறங்கும்போது மட்டும் சற்றுச் சுருங்கி நெளியும். எவ்வளவு நெளிகிறது என்பதைக் குளிர் அறையில் அளந்து, அதற்கு நேரெதிராகச் சூடான நிலையில் 'தப்பாக'த் தேய்த்தார்கள். குளிர்ந்ததும் சரியாகிவிடும். மேலே 100 நானோமீட்டர் தங்கம். மொத்தத்துக்கும் 50 கிராமுக்குள். தங்கம் அகச்சிவப்பை மிக நன்றாக எதிரொளிக்கும், நீலத்தை எதிரொளிக்காது. ஜேம்ஸ் வெப்பின் பார்வை 0.6 மைக்ரானில், அதாவது ஆரஞ்சு நிறத்தில் தொடங்குவது இதனால்தான்.

என்னென்ன கெடும்?

ஒற்றை இடம் கெட்டால் எல்லாமே போய்விடும் என்ற வகையில் 344 இடங்கள் அதில் இருந்தன. பெரும்பகுதி கவசத்தை விரிப்பதோடு தொடர்புடையவை. படலத்தைப் பிடித்துவைத்திருந்த 107 பூட்டுகளும் ஒன்றுவிடாமல் திறக்க வேண்டும். தாள் காற்றில்லாத, எடையற்ற இடத்தில் எப்படி நெளியும் என்பதைப் பூமியில் முழுமையாகச் சோதிக்க வழியில்லை. 2018-ல் ஒலி அதிர்வுச் சோதனைக்குப் பின் கவசத்தின் உறையிலிருந்து திருகுகளும் வாஷர்களும் கழன்று விழுந்திருப்பது தெரிந்து, பல மாதங்கள் அதிலேயே போயின. சிறு திருகு ஒன்று உணரிப் பெட்டிக்குள் புகுந்தால் 1000 கோடி டாலர் வீண். தாமதத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் பழுது பார்க்க ஆளனுப்ப முடியாத இடத்துக்குப் போகிற கருவிக்கு அந்தத் தாமதம் நியாயமானதே.

2021 டிசம்பர் 25-ல் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏவினார்கள். வேண்டுமென்றே சற்றுக் குறைந்த வேகத்தில். எல்2 என்பது மலைமுகடு போன்ற இடம்: அந்தப் பக்கம் உருண்டால் திரும்ப இழுக்க முடியாது. உந்திகள் கவசத்தின் சூடான பக்கத்தில் இருப்பதால், பின்னோக்கித் தள்ள வேண்டுமானால் தொலைநோக்கியைத் திருப்பிச் சூரியனுக்குக் காட்ட வேண்டும். அது நடக்கக்கூடாது. ஆகவே எப்போதும் முகட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, சிறிது சிறிதாக மேலே தள்ளிக்கொள்வது என்று திட்டம். ஏவுதல் மிகத் துல்லியமாக அமைந்ததால் மிச்சமான எரிபொருள் 20 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும் என்று கணக்கிட்டார்கள்.

டிசம்பர் 31 அன்று கவசத்தின் உறை சுருண்டுவிட்டதைச் சொல்ல வேண்டிய சுவிட்சுகள் அசையவில்லை. உறை திறக்கவில்லையா, சுவிட்சு வேலை செய்யவில்லையா? கேமரா கிடையாது. நிழல் விழ வேண்டிய இடத்தில் வெப்பநிலை இறங்கியிருப்பதையும், சுழல்காட்டி ஒரு சிறு அசைவைப் பதிவுசெய்திருப்பதையும் பார்த்து, உறை திறந்துவிட்டது என்று முடிவுசெய்து அடுத்த படிக்குப் போனார்கள். 2022 ஜனவரி 4-ல் ஐந்து அடுக்கும் இறுகின, 8-ல் கண்ணாடி விரிந்தது.

அப்போது அது ஒரு கண்ணாடியாக இல்லை, 18 தனித்தனிக் கண்ணாடிகள். முதலில் எச்டி 84406 என்ற தனித்து நிற்கும் விண்மீனைப் பார்த்தபோது 18 புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு துண்டையும் சற்று அசைத்து, எந்தப் புள்ளி எந்தத் துண்டுடையது என்று அடையாளம் கண்டார்கள். பின் ஒவ்வொன்றையும் கூர்மையாக்கி, 18 புள்ளிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அதோடு முடியவில்லை. அடுக்கினால் வெளிச்சம் கூடும், கூர்மை கூடாது. துண்டுகளின் பரப்புகள் ஒளியலையின் ஒரு சிறு பங்குக்குள் ஒரே மட்டத்தில் அமைந்தால்தான் 6.5 மீட்டரின் முழுக் கூர்மை கிடைக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஏழு இயக்கிகள். ஆறு அதை எல்லாத் திசையிலும் நகர்த்தும், ஏழாவது வளைவைத் திருத்தும். நானோமீட்டர் கணக்கில் நகர்த்தி நகர்த்தி ஏப்ரல் இறுதியில் முடித்தார்கள்.

குளிர்விப்பதிலும் அவசரம் கூடாது. கருவியின் பாகங்களில் ஒட்டியிருக்கும் நீராவி வெளியேறும். அருகில் எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அதில் போய்ப் பனியாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஜேம்ஸ் வெப்பின் கருவிகளில் ஹீட்டர் வைத்து, நீர் வெளியேறும்வரை சூடு குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். இது வெறும் பயமில்லை. 2023-ல் போன ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கியில் சில நானோமீட்டர் தடிமனுக்குப் பனி படிந்து விண்மீன்கள் மங்கத் தொடங்கின. 2024 மார்ச்சில் ஒரே ஒரு கண்ணாடியை மட்டும் மைனஸ் 147-லிருந்து மைனஸ் 113 டிகிரிக்குச் சூடாக்கியதும் பார்வை திரும்பியது.

வெளியில் திறந்து கிடக்கும் கண்ணாடியில் நுண்கற்கள் மோதுவதைத் தடுக்க வழியில்லை. 2022 மே மாதம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய ஒன்று ஒரு துண்டைத் தாக்கியது. அந்தத் துண்டைச் சற்று நகர்த்திப் பாதிப்பின் ஒரு பகுதியைச் சரிக்கட்டினார்கள். அதன் பிறகு, செல்லும் திசைக்கு நேரே கண்ணாடியைக் காட்டுவதைக் கூடியமட்டும் தவிர்க்கிறார்கள். மழையில் வண்டி ஓட்டும்போது முன்பக்கம்தான் அதிகம் நனையும் என்பதே அதன் கணக்கு.

படத்தைப் படிப்பது

ஜேம்ஸ் வெப் படங்களின் நிறம் கண்ணுக்குத் தெரியும் நிறம் இல்லை, கற்பனையும் இல்லை. வடிகட்டிகளில் குறைந்த அலைநீளத்துக்கு நீலம், நடுவுக்குப் பச்சை, நீண்டதற்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் ஏற்றுகிறார்கள். படத்தின் கீழே எஃப்200டபிள்யூ, எஃப்444டபிள்யூ என்று இருக்கும். எண்ணை நூறால் வகுத்தால் மைக்ரான்: 2.00, 4.44. டபிள்யூ என்றால் அகன்ற வடிகட்டி. எம் நடுத்தரம், என் குறுகியது. பிரகாசமான புள்ளிகளைச் சுற்றி ஆறு பெரிய கதிர்களும் கிடைமட்டத்தில் இரண்டு சிறியவையும் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் நம் பால்வெளியின் விண்மீன். அந்தக் கதிர்கள் கண்ணாடியின் அறுகோண விளிம்பும் தாங்கு கம்பிகளும் உண்டாக்குபவை. மங்கலாக, கதிரில்லாமல், ஒரு சிவப்புப் பொட்டுபோல் இருப்பவற்றைத்தான் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

தேடும் முறை எளிது. ஒரே இடத்தைப் பல வடிகட்டிகளில் எடுத்து, எதில் மறைகிறது என்று பார்ப்பது. எஃப்150டபிள்யூ-வில் காணோம், எஃப்200டபிள்யூ-வில் மங்கல், எஃப்277டபிள்யூ-வில் தெளிவு என்றால், லைமன் வெட்டு 1.8 மைக்ரான் பக்கம் விழுந்திருக்கலாம்.

அந்த 'லாம்' ஆளைக் கவிழ்க்கும். தூசு படிந்த, அருகிலுள்ள கேலக்ஸியும் குறைந்த அலைநீளத்தில் மறைந்துதான் தெரியும். சீர்ஸ்-93316 என்ற பொருளுக்கு முதலில் வடிகட்டிகளை வைத்துக் கணித்த செம்பெயர்ச்சி 16-க்கும் மேல். எல்லாச் சாதனைகளையும் முறியடித்திருக்க வேண்டும். 2023-ல் நிறமாலை எடுத்தபோது வந்தது 4.9. ஆக்சிஜன், ஹைட்ரஜனின் வலுவான கோடுகள் (அந்தந்த அணு குறிப்பிட்ட அலைநீளத்தில் மட்டும் வீசும் ஒளி) அடுத்தடுத்த வடிகட்டிகளுக்குள் பொருந்தி விழுந்து, தொடர்ச்சியான ஒளிபோல் ஏமாற்றிவிட்டன. எனவே செய்தியில் ஒரு 'மிகத் தொலைவான கேலக்ஸி'யைப் படித்தால் முதலில் தேட வேண்டியது ஒன்றுதான்: நிறமாலை எடுத்தார்களா? எடுக்காவிட்டால் அது இன்னும் வேட்பாளர்தான்.

நிறமாலை எடுப்பது நிர்ஸ்பெக் கருவி. அதில் கண்ணிமைபோல் திறந்து மூடும் நுண்கதவுகள் ஏறத்தாழ 2,50,000. வேண்டிய கேலக்ஸிகளுக்கு நேரே உள்ளவற்றை மட்டும் திறந்தால், ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றின் நிறமாலை கிடைக்கும். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியை 2024 ஜனவரியில் ஏறக்குறைய பத்து மணி நேரம் அப்படிப் பார்த்தார்கள். வெட்டு தெரிந்தது, செம்பெயர்ச்சி 14.32 என்றார்கள். ஆனால் லைமன் வெட்டின் விளிம்பு, சுற்றியுள்ள ஹைட்ரஜனால் மழுங்கியிருக்கும், அதைக் கொண்டு நுட்பமாகச் சொல்ல முடியாது. கூர்மையான கோடு ஒன்று வேண்டும். சிலியின் அடகாமா பாலைவனத்திலுள்ள ஆல்மா தொலைநோக்கி வரிசை அதே கேலக்ஸியில் ஆக்சிஜனின் 88.36 மைக்ரான் கோட்டைத் தேடியது. 1.341 மில்லிமீட்டரில் அகப்பட்டது. வகுத்துப் பாருங்கள்: 15.18 மடங்கு, ஆக 14.18. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகளே ஆன காலம். 2025-ல் அறிவிக்கப்பட்ட எம்ஓஎம்-இசட்14 இன்னும் சற்றுத் தள்ளி, 14.44.

ஆக்சிஜன் கிடைத்தது தொலைவை உறுதிசெய்தது, கூடவே ஒரு புதுச் சிக்கலையும் கொண்டுவந்தது. பெருவெடிப்பு தந்தது ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம். ஆக்சிஜன் விண்மீனின் வயிற்றில்தான் பிறக்கும். அந்த விண்மீன் வெடித்தால்தான் வெளியே வரும். ஆகவே அந்த 30 கோடி ஆண்டுகளுக்குள் குறைந்தது ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து, வாழ்ந்து, வெடித்து முடித்திருக்கின்றன. நாம் பார்ப்பது அவற்றின் பிள்ளைகளை.

அந்த முதல் தலைமுறையை அடையாளம் காண இரண்டு குறிகளைத் தேடுகிறார்கள்: ஹைட்ரஜன் கோடுகள் இருந்தும் ஆக்சிஜன் கோடு இல்லாமை, மிகு வெப்பத்தில் மட்டும் எழும் 0.164 மைக்ரான் ஹீலியக் கோடு. அலை 15 மடங்கு நீண்டால் இரண்டாவது 2.46 மைக்ரானில் விழும். அது நிர்ஸ்பெக்குக்கு எட்டும் இடம். ஆனால் 0.5 மைக்ரான் ஆக்சிஜன் கோடு 7.5-க்குப் போய்விடும், அதைப் பார்த்து 'இல்லை' என்று சொல்லும் வேலை, 7 கெல்வின் குளிரில் இருக்கும் மிரிக்கு.